கஞ்சி போட்ட மல் சட்டை

மலையளக்கும் சர்வே கூட்டத்தில் நான் அளவுப் புத்தகம் எழுதும் குமாஸ்தா. முந்திய வருடம் பொதிகையில் ஏறியபோது போட்டிருந்தது டிரில் துணிக் கோட்டு. நனைந்தால் கல்லாய்க் கனக்கும். மூன்று நாளானாலும் காயாது. அந்த ஈரத்திலேயே கிடந்து, சளி கட்டி, ஒரு மாதம் படுக்கையோடு இருந்தேன். இன்னொரு தடவை இப்படி வந்தால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மலைக்கு வரமாட்டேன் என்றால் வேலை போய்விடும்.

கனமே இல்லாத சட்டை வேண்டும் என்று கேட்டதற்கு அம்பாசமுத்திரத்துத் தையற்காரர் சிரித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மெல்லிய மல் துணி வாங்கி வந்து நானே தைக்க உட்கார்ந்தேன். ஒரு சட்டை, முழங்கால் வரை ஒரு கால்சட்டை, அட்டை ஏறாமலிருக்க நெருக்கமாக நெய்த துணியில் இரண்டு நீளக் காலுறைகள். ஊசி ஏறாத விரல் ஒன்றில்லை.

"ரெண்டும் இடது கையில்லா! ஒங்களுக்கு வலது கை கெடையாதா?" என்றாள் மனைவி. சிரித்துக்கொண்டே ஒரு கையைப் பிரித்துத் தந்தாள். நான் நன்றிகூடச் சொல்லவில்லை, முறைத்தேன்.

எல்லாம் சரியாக முடிந்தது. கடைசியில்தான் புத்தி போயிற்று. குமாஸ்தா கசங்கிய சட்டையோடு சர்வேக்குத் தலைவரான வெள்ளைக்காரத் துரை முன்னால் நிற்பதா? வழக்கம்போல வண்ணாரிடம் கொடுத்து, மொடமொடவென்று கஞ்சி போட்டு வாங்கிக்கொண்டேன்.

பாபநாசத்திலிருந்து ஏறிய முதல் நாள் மத்தியானமே மழை பிடித்தது. கஞ்சி கரைந்து தொடை வழியாக வெள்ளையாக வடிந்தது. சட்டை பசை போல நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. பல் கிட்டியது. தொலைந்தேன் என்று நினைத்தேன்.

வழி காட்டி வந்தவர் அந்த மலையிலேயே குடியிருக்கும் காணிக்காரர், என் வயசுக்காரர்தான். திரும்பிப் பார்த்துவிட்டு நின்றார்.

"கழத்துங்கய்யா. சோத்துப் பானைக்குள்ள விழுந்து எந்திரிச்ச மாதிரில்லா நிக்கீங்க!"

சட்டையை வாங்கி ஓடையில் அலசினார், பிழிந்தார், மறுபடி அலசினார். வடிந்த தண்ணீர் தெளிந்த பிறகே உதறித் தந்தார். "போட்டுக்கிட்டுப் பைய நடங்க. நிக்காதீங்க."

மழை விட்டிருந்தது. அடுத்த மேட்டில் ஏறுவதற்குள் சட்டை உடம்பிலேயே காய்ந்துவிட்டது. அதன்பின் தினமும் நனைந்தேன், தினமும் காய்ந்தேன். சளி வரவில்லை. அந்த மனிதருக்கு நான் உயிர்க்கடன் பட்டவன். இன்றைக்கும் மழை பெய்தால் அவரைத்தான் கும்பிடத் தோன்றுகிறது.

ஐந்தாம் நாள் பாபநாசத்தில் இறங்கினேன். அங்கே ஒரு மாட்டுவண்டி நின்றது. உள்ளே வைக்கோல் பரப்பி, மெத்தை விரித்து, போர்வையும் வைத்திருந்தது. பக்கத்தில் என் மனைவி. என்னைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று எண்ணி வந்திருக்கிறாள். நான் நடந்து வருவதைக் கண்டதும் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க போனதுலேருந்து அம்மா கண்ண மூடலய்யா" என்றார் வண்டிக்காரர்.

எனக்கு விரித்த மெத்தையில் அவளைப் படுக்கச் சொன்னேன். வண்டி புறப்படும் முன்பே தூங்கிப்போனாள். அம்பாசமுத்திரம் வரை நான் பக்கத்தில் நடந்தே வந்தேன்.