ஈகாரம் கேட்காத மாதங்கள்

என்னிடம் பாட்டுக் கற்க வந்த பெண்களில் அவர் ஒருவர்தான் போலீஸ்காரர். வாசுதேவநல்லூர்ப் பக்கம் பிறந்தவர். தலைமைக் காவலர். நாற்பது வயதுக்கு மேல் ஆசை வந்து, தென்காசியில் என் வீட்டுக்குக் காலை ஆறு மணிக்கே வந்துவிடுவார். சீருடை ஒரு பையில் இருக்கும். பாடம் முடிந்ததும் உள்ளறையில் மாற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவார்.

முதல் நாள் தம்புராவில் கீழ் ஸட்ஜம் ஒலிக்கும் மந்தரக் கம்பியை மட்டும் மீட்டிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர் கொஞ்ச நேரத்தில், "டீச்சர், உள்ள வேற யாரோ பாடுதாங்களே?" என்றார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பலருக்கு அது கேட்கவே மாதங்கள் ஆகும். நாம் மீட்டுவது ஸட்ஜத்தை. அதனோடு நாம் தொடாத காந்தாரம் தானாக எழும். அதற்கும் மேலே இன்னும் பல சுரங்கள், ஒன்றைவிட ஒன்று மெல்லியதாக. மேற்சுரங்கள் என்போம். வீணையும் புல்லாங்குழலும் ஒரே ஸட்ஜத்தை வாசித்தாலும் எது எது என்று தெரிவது இவற்றால்தான். ஒரே சுருதியில் ஆ, ஈ, ஊ என்று பாடச் சொன்னேன். "சுருதி மாறல. ஆனா எழுத்து மாறுது. மாத்துறது யாரு? அந்த மேல இருக்கிறவங்கதான்" என்றேன். அந்த ஆண்டு வந்த எல்லோரிடமும் இதையே சொன்னேன்.

இரண்டாம் ஆண்டு வைகாசியில்தான் தொல்லை தொடங்கியது. அவருக்கு மட்டும் நடந்துகொண்டிருந்த ஒரு கீதத்தின் வரி நீண்ட ஈகாரத்தில் முடியும். அவர் அதை ஊகாரமாகப் பாடுவதாக எனக்குக் கேட்டது. திருத்தினேன். மறுநாளும் ஊ. அதற்கடுத்த நாளும் ஊ. நான் கண்ணை மூடித் தாளம் போட்டபடி பாடம் கேட்கிறவள். "ஈ, ஈ" என்று கத்துவேன். "ஈதான டீச்சர் பாடுதேன்" என்பார். எதிர்த்துப் பேசுகிறார் என்று எனக்கு எரிச்சல் வரும்.

அதே நாட்களில் தம்புராவும் மங்கியிருந்தது. கம்பி மாற்றினேன். கம்பிகளைத் தாங்கும் குதிரையின் மேலுள்ள நூலை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். காந்தாரம் கேட்டது, அதற்கு மேலே இருக்கும் மினுக்கம்தான் இல்லை. மழைக்காற்று ஈரம் என்று நினைத்துக்கொண்டேன். என் காதைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்ற மாணவிகளும் இருந்தார்கள். அதே வரி, அதே ஊ. திட்டுவதற்காகக் கண்ணைத் திறந்தேன். அவர் உதடுகள் இரண்டு பக்கமும் இழுபட்டு, பற்கள் தெரிந்தன. பல் தெரிய யாராலும் ஊ பாட முடியாது. அதை நான் பார்த்தேன். பார்த்தும், வாய்க்கு வந்துவிட்ட சொல்லை விழுங்க மனமில்லாமல், "லத்தி பிடிச்சு அதட்டுற வாய்க்குப் பாட்டு எங்க வரும்?" என்றேன்.

அவர் நோட்டை மூடினார். "வாரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் வரவில்லை.

ஆனியில் சாரல் தொடங்கியதும் என் தங்கை மகள் வந்தாள். அவளுக்காகக் குற்றாலம் போனோம். மெயின் அருவியில் பெண்கள் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு அவர் நின்றார். சீசன் டியூட்டி. தண்ணீர் சொட்டும் தொப்பியோடு, வாயில் விசில். கன்னம் உப்புகிறது; குளித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்; விலகுகிறார்கள். எனக்கு விசிலே கேட்கவில்லை. அருவிகூடத் தூரத்து லாரி போல அடியில் உறுமியது, அவ்வளவுதான்.

"அந்தம்மா விசில் அடிக்காங்களா?" என்று கேட்டேன்.

தங்கை மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "காதைக் கிழிக்குது பெரியம்மா. ஒங்களுக்குக் கேக்கலயா?"

குளிக்காமல் திரும்பினேன். அவர் என்னைப் பார்த்தாரா என்று தெரியாது.

திருநெல்வேலியில் காது மருத்துவர் ஒரு கோட்டுப்படத்தைக் காட்டினார். பாதி வரை நேராக வந்த கோடு, அப்புறம் மலைச்சரிவு மாதிரி இறங்கியது. கீழ்ச்சத்தம் கேட்கும், மேலே உள்ளதுதான் கேட்காது என்றார். எனக்கு விளக்கத் தேவையில்லை. சுரம் இருக்கிறது, மேற்சுரங்கள் போய்விட்டன. ஈகாரத்தை ஈகாரமாக்குவது அந்த உயரத்தில் இருக்கிறது. அது உதிர்ந்தால் மிஞ்சுவது ஊ போலத்தான் இருக்கும். "எவ்ளோ நாளா இருக்கும் டாக்டர்?" என்றேன். "ஒரே நாள்ல வாரது இல்லம்மா. சில வருசமாவே கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கும்."

மறுநாள் காலையில் குற்றாலம் போய், அருவிக்கரை டீக்கடையில் அவரைப் பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"தொண்டை டாக்டர்ட்ட போனேன் டீச்சர்" என்றார். "நாக்குல ஏதும் கோளாறான்னு கேட்டேன். வீட்ல சும்மா முணுமுணுக்கதக்கூட விட்டுட்டேன்."

"தப்பு என் மேலதான்."

"காது போனா ஒங்க தப்பா? அது இல்ல." கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "அந்த லத்திப் பேச்சு காதுக் கோளாறு இல்லயே டீச்சர்."

அன்று அவர் பல்லைப் பார்த்த பிறகுதான் அப்படிப் பேசினேன் என்பதையும் சொன்னேன். அதை மறைத்துவிட்டு மன்னிப்புக் கேட்க முடியவில்லை. அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார்.

சீசன் முடிந்ததும் திரும்ப வந்தார். முன்புபோல் கலகலப்பாகப் பேசுவதில்லை, பாடுகிறார், போகிறார். நான் கண்ணைத் திறந்தே பாடம் கேட்கிறேன். காதில் கேட்புக் கருவி வைத்தால் சுரங்கள் தகரத்தில் தட்டினாற்போல வருகின்றன. பழக நாளாகும் என்கிறார்கள்.

மற்றவர்களுக்கும் உண்மையைச் சொன்னேன். மூன்று பேர் நின்றுவிட்டார்கள். அது நியாயம்தான். என்னை அரிப்பது 'சில வருசமாவே' என்ற சொல். அந்த வருடங்களில் எத்தனை பேரைக் குரலில் ஒளி இல்லை, எழுத்து தெளிவில்லை என்று சொல்லியிருப்பேன்? பழைய நோட்டிலிருந்து எண்களை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். சிவகிரியில் கல்யாணமாகிப் போன ஒரு பெண் எடுத்தாள். அவள் குரல் மங்கல் என்று சொல்லி நான்தான் நிறுத்தினேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அத இன்னுமா நெனச்சிட்டு இருக்கிய?" என்றாள். "நான் பாட்ட எப்பவோ விட்டுட்டேன் டீச்சர். ஒடம்பப் பாத்துக்கோங்க."

அவள் வருத்தமாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று அந்தக் குரலிலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.