மேராபு பேசப்போகிறாள்

கியாரிகுண்டா விதை உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனாள். கையில் ஒரு கிழங்கு இருந்தது. முளை விட்ட நல்ல கிழங்கு. மகள் நின்சீமா கம்பாலாவிலிருந்து பேருந்து பிடித்து மலையேறி வந்து சேர்வதற்குள், வந்தவர்கள் உட்கார இடம் வேண்டுமென்று யாரோ விதைக்கும் சமையலுக்குமாக அம்மா பிரித்திருந்த இரண்டு குவியலையும் ஒன்றாகத் தள்ளிவிட்டிருந்தார்கள். அவள் பையை வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து மறுபடி பிரித்தாள். நகரத்தில் அவளுக்குத் தண்ணீர் பம்புகளைப் பழுது பார்க்கும் வேலை. ஓடாத எதையும் முதலில் பிரித்துத்தான் பார்ப்பாள். வேறு வழி அவளுக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டு அகம்பா மண்வெட்டியோடு வந்து எதிரே குந்தினான். பெரியப்பா மகன். குழி வெட்டுகிறவர்களில் அவன்தான் மூத்தவன்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். எங்கம்மா நாளைக்கு அடக்கத்துல எழுந்து பேசப்போறாங்களாம்."

"யாரு, மேராபு பெரியம்மாவா?"

"ஆமா. காலையில இருந்து தலைத்துணியைத் துவைச்சுக் காயப் போட்டிருக்காங்க. நல்லதுக்கா கெட்டதுக்கான்னு தெரியல."

நின்சீமாவின் கை நின்றது.

எழுப்புதல் கூட்டத்தைச் சேர்ந்த இரட்சிக்கப்பட்டவர்களின் அடக்கத்தில் பிரசங்கம் முடிந்ததும் கூட்டத்துப் பெரியவர் எழுந்து கேட்பார்: "இந்தச் சகோதரியோடு தீர்க்காத காரியம் யாருக்காவது உண்டா? மண் விழுவதற்கு முன் வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள்." பெரும்பாலும் யாராவது ஒரு கிழவர் பழைய வரப்புத் தகராறு ஒன்றைச் சொல்வார், எல்லோரும் துதிப்பாட்டு பாடுவார்கள், முடிந்துவிடும். ஆனால் கியாரிகுண்டாவுக்கும் அவள் ஓரகத்தி மேராபுவுக்கும் நடுவில் ஏதோ இருந்தது என்று அந்த மலை முழுக்கத் தெரியும். என்னவென்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. கூட்டத்துப் பெரியவர் எரியேசாவே பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறார், அம்மா வாயைத் திறந்ததில்லை. அதனால்தான் அவளைப் பின்பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஜெபம் நடத்தக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். 'உங்க அம்மா பக்தியில குளிர்ந்துபோயிட்டா' என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள்கூட நின்சீமாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாட்களில் அம்மாவோடு கூட்டத்துக்குப் போகவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது அம்மா பெட்டிக்குள் கிடக்க, மலை முழுக்க நின்று கேட்க, மேராபு அதை அவிழ்க்கப் போகிறாள். பதில் சொல்ல அம்மா இருக்க மாட்டாள்.

நின்சீமா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு வீட்டுக்கும் இடைப்பட்ட வேலிக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் இடைவெளி இருந்தது. அது வழியாகப் போனாள்.

மேராபு வாசலில் சோளம் காயப் போட்டு, கோழிகளைக் கழியால் மிரட்டிக்கொண்டிருந்தாள். தடித்த உடம்பு, வெடிப்பான குரல். ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போவாள்; இரட்சிக்கப்பட்டவள் என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. சோளக்கள் வடிக்கும் பானை அவள் அடுப்படியில் எப்போதும் நுரைத்துக்கொண்டிருக்கும்.

"வந்துட்டியா. அகம்பா வாய் சும்மா இருக்காதுன்னு தெரியும். உக்காரு. கஞ்சி வேணுமா, சண்டை வேணுமா?"

"கஞ்சி."

"உங்கம்மாவேதான். இந்தக் குடும்பத்துல சண்டைக்கு ஒரு ஆள் தேறாது."

சுரைக்குடுக்கையில் புளித்த கஞ்சி வந்தது. நின்சீமா அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கு என்ன சொல்லப்போறீங்க பெரியம்மா?"

மேராபு கழியைக் கீழே வைத்தாள்.

"உங்கம்மா எங்கிட்ட என்ன செஞ்சான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"மன்னிப்புக் கேட்டா. அதுதான் அவ செஞ்சது."

மேராபுவுக்கு முதலில் ஒரு பெண் குழந்தை இருந்தது. தத்தித் தத்தி நடக்கிற வயது. தம்பி கல்யாணப் பேச்சுக்காக மேராபு பிறந்த வீட்டுக்குப் போனவள், கள்ளும் பேச்சுமாகப் பொழுது போய், மழை பிடித்துக்கொண்டு, மறுநாள்தான் திரும்பினாள். அதற்குள் குழந்தைக்கு அம்மை போட்டு முற்றியிருந்தது. பிழைக்கவில்லை. அப்போது கியாரிகுண்டா புதுப்பெண். துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டு, மேராபுவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கிடந்தவள் அவள்தான்.

சில வருஷம் கழித்து, பள்ளத்தாக்கில் பந்தல் போட்டு நடந்த எழுப்புதல் கூட்டத்தில் கியாரிகுண்டா இரட்சிக்கப்பட்டாள். பின்னிய தலையைக் கத்தரித்தாள், பாசிமணியைக் கழற்றினாள். இரட்சிக்கப்பட்டவர்கள் மனசால் செய்த குற்றத்தைக்கூட உரியவரிடம் போய்ச் சொல்லித் தீர்க்க வேண்டும். இரவல் வாங்கிய மண்வெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். புருஷனுக்குத் தெரியாமல் பிறந்த வீட்டுக்குப் பட்டாணி அனுப்பியதைச் சொன்னாள். கடைசியில் மேராபுவிடம் வந்தாள்.

"நான் கிழங்கு உரிச்சிட்டு இருக்கேன்" என்றாள் மேராபு. "முகமெல்லாம் வெளிச்சமா வந்து முன்னால முழங்கால் போடறா. 'அக்கா, நீங்க கள்ளுக்கு உக்காந்துட்டதாலதான் பிள்ளை போச்சுன்னு மனசுக்குள்ள இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன். இயேசு என்னைக் கழுவிட்டார். என்னை மன்னிச்சிடுங்க'ங்கறா."

கோழி ஒன்று சோளத்தில் ஏறியது. மேராபு விரட்டவில்லை.

"அதுவரைக்கும் அதை நினைச்சவ நான் ஒருத்திதான்னு இருந்தேன்டி."

நின்சீமா கஞ்சியைக் கீழே வைத்தாள்.

"அவ லேசாகி எழுந்து போயிட்டா. கூட்டத்துல சொன்னாளாம், என்னன்னு சொல்லாம, பாரம் இறங்கிச்சுன்னு மட்டும். இறங்கும், ஏன் இறங்காது? என் தலையில இல்ல எறக்கி வெச்சா! நான் முள்ளை வெட்டிட்டு வந்து வேலியில இருந்த அந்த வழியை அடைச்சேன்."

கூட்டத்தார் கியாரிகுண்டாவைத் தேற்றினார்கள். உன் பங்கை நீ செய்துவிட்டாய், இனி மன்னிக்காத பாரம் அவளுடையது என்றார்கள். கொஞ்ச நாள் அவளும் அப்படியே நம்பினாள். பிறகு ஒருநாள் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து, மன்னிப்புக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்க நின்றாள். மேராபு பாத்திரம் கழுவிய தண்ணீரை அவள் மேலேயே ஊற்றினாள். 'இன்னும் என்ன மிச்சம் வெச்சிருக்க?' என்று கேட்டாள். கியாரிகுண்டா நனைந்த பாவாடையோடு திரும்பிப் போனாள். அதோடு அந்தப் பேச்சை விட்டாள். மேராபுவிடம் மட்டுமல்ல, யாரிடமும்.

அங்கேதான் எரியேசாவுக்குப் பிடிக்காமல் போனது. கூட்டத்தில் எல்லோரும் தாங்கள் மனம் திரும்பிய பழைய சாட்சியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உனக்கும் ஓரகத்திக்கும் நடந்ததைச் சொல்லு சகோதரி, பத்துப்பேர் மனம் திரும்புவார்கள் என்றார். கியாரிகுண்டா மாட்டேன் என்றாள். அதில் பாதி வேறொருத்தருடையது, நான் எடுத்துக்கொண்டு வர முடியாது என்றாள்.

"வெளிச்சத்துக்கு வராதது இருட்டுல வளரும், சகோதரி" என்றார் அவர்.

"கிழங்கும் மண்ணுக்குள்ளதான் வளருது, சகோதரரே" என்றாளாம். பெண்கள் பக்கம் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. பின்பெஞ்சு அன்றைக்கு ஆரம்பித்தது.

"அப்புறம் அகம்பா பொறக்கற நேரம். எனக்கு ரத்தம் நிக்கல" என்றாள் மேராபு. "தூக்குக்கட்டில்ல வெச்சு ஆம்பளைங்க ஆஸ்பத்திரிக்கு மலையிறங்கறாங்க. கண்ணைத் திறந்து பார்த்தா இவ பின்னால ஓடி வர்றா, தலையில மூட்டையோட. 'நீ ஏன் வந்த? என் பாவத்தை எண்ணவா?'ன்னு கேட்டேன். 'துணி துவைக்க'ன்னா. அவ்வளவுதான் சொன்னா. துவைச்சா. என் ரத்தத்தை ஓடையில நின்னு துவைச்சா. கட்டில் பக்கத்துல உக்காந்து ஜெபம்கூட சத்தமா பண்ணல, எனக்குக் கேட்டுடும்னு."

"முள் அப்பவும் இருந்துதா?"

"இருந்துது. நான் அவ்வளவு சீக்கிரம் எடுப்பேனா!" மேராபு கொஞ்சம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அகம்பாவுக்கு நடக்கற வயசு. அதே வயசு. காய்ச்சல் கொதிக்குது. எனக்குக் கை கால் ஓடல. யார் வீட்டுக்கு ஓடினேன் தெரியுமா? அந்த முள்ளை மிதிச்சிட்டு அவ வீட்டுக்குத்தான் ஓடினேன். ஏன்னு இன்னைக்கும் தெரியாது. அவ எதையும் கேக்கல. எப்ப இருந்து காய்ச்சல், நீ எங்க போயிருந்த, ஒண்ணும் கேக்கல. பிள்ளையை வாங்கி முதுகுல கட்டிட்டு முன்னால நடந்தா."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கத்தினாள். இவ்வளவு முற்றும்வரை விட்டுவிட்டு வருகிறாயே, நீயெல்லாம் ஒரு தாயா என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"உங்கம்மா எனக்கு முன்னால வந்து நின்னா. 'நல்ல தாய் இவ. நான் பக்கத்து வீடு, தினமும் பாக்கறேன், எனக்குத் தெரியும்'னா. நர்ஸ் வாயை மூடிட்டா. நான் அழுதேன். ஏன்னு கேளு."

"ஏன்?"

"அவ பொய் சொல்ல மாட்டா. அதுதாண்டி விஷயம். என்னைப் பிளந்ததும் உண்மை பேசற அந்த வாய்தான். அதே வாய்தான் இதையும் சொல்லுது. வேற யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பிள்ளை பிழைச்சு வீட்டுக்கு வந்ததும் அந்த முள்ளையெல்லாம் அடுப்புல வெச்சேன். நல்லா எரிஞ்சுது."

குழி வெட்டும் சத்தம் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டது.

"அப்ப நாளைக்கு இதைத்தான் சொல்லப்போறீங்களா?"

"எழுந்து நின்னாத்தான் எனக்கே தெரியும். சொல்லாதேன்னு கேக்க வந்தியா?"

"கேக்கத்தான் வந்தேன்."

"கேளு."

நின்சீமா குடுக்கையை எடுத்துக் கஞ்சியைக் குடித்து முடித்தாள். வாயைத் துடைத்தாள்.

"இப்ப கேக்க மாட்டேன் பெரியம்மா. பாதி உங்களோடது."

மறுநாள் பனி விலகத் தாமதமானது. படிப்படியாக வெட்டிய நிலத்தில் ஜனங்கள் மேலும் கீழுமாக நின்றார்கள். பிரசங்கம் நீண்டது. எரியேசா கோலை ஊன்றி எழுந்து கேட்க வேண்டியதைக் கேட்டார். ஒரு கிழவர், இறந்தவளின் வாழைத்தோப்பில் தன் ஆடு மேய்ந்ததைச் சொன்னார். பாட்டு பாடினார்கள். பிறகு துவைத்த தலைத்துணியோடு மேராபு எழுந்தாள். பாட்டு பாதியில் நின்றது. நின்சீமா தரையைப் பார்த்தாள்.

"நான் இரட்சிக்கப்பட்டவ இல்ல. நேத்துகூடக் குடிச்சேன். மூக்கை மூடிக்காத எரியேசா, தூரமாத்தான் நிக்கறேன்."

சிலர் சிரித்தார்கள்.

"இவளுக்கும் எனக்கும் ஒரு காரியம் இருந்துது. அது என்னன்னு கேக்க இந்த மலைக்கே வாய் ஊறிட்டு இருக்கு. எனக்குத் தெரியும்." அவள் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "இவ புருஷன்கிட்ட சொல்லல. மககிட்ட சொல்லல. சொன்னா முன்பெஞ்சு தர்றோம்னீங்க, அப்பவும் சொல்லல. பக்தி குறைஞ்சு பின்னால உக்காந்தான்னு நினைச்சீங்க. அவ எனக்காக உக்காந்தா. சாகற வரைக்கும் உக்காந்தா."

அவள் தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"தீர்க்காத காரியம் எதுவும் இல்ல. மண்ணைப் போடுங்க."

அகம்பாதான் முதல் மண்ணைப் போட்டான்.

அவரையும் கிழங்கும் பரிமாறும்போது எரியேசா தட்டோடு நின்சீமாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வயதாகிவிட்டது.

"பிள்ளே, அது என்னம்மா அப்படி? ஜெபத்துல வெச்சுக்கத்தான் கேக்கறேன்."

"அதுல பாதி பெரியம்மாவோடது ஐயா."

"மீதிப் பாதி?"

"அதை இப்பத்தானே மூடினோம்."

அவர் தலையாட்டினார். ஆனால் எழுந்து போகவில்லை. அவரையைக் கையால் தள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உங்கம்மாகிட்ட நானும் ஒரு காரியம் சொல்லி வெச்சிருந்தேன். கூட்டத்துல சொல்ல முடியாத காரியம். அவகிட்ட மட்டும்தான் சொல்ல முடிஞ்சுது." அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். "எப்பவாவது உங்கிட்ட…"

"இல்லீங்க ஐயா. ஒரு வார்த்தைகூட இல்ல."

"ஒரு வார்த்தைகூட?"

"இல்ல."

அவர் நெடுநேரம் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். கண்ணீர் தாடியில் இறங்கியது. துடைக்காமல் சாப்பிடத் தொடங்கினார். அவர் தட்டு காலியாகும்வரை நின்சீமா பக்கத்திலேயே இருந்தாள்.

"ஏ நின்சீமா!" வீட்டுக்குள்ளிருந்து மேராபுவின் குரல் வெடித்தது. "வந்தவனுங்க விதைக்கிழங்கை மறுபடியும் கலந்துட்டானுங்கடி! நான் ஒருத்தியே பிரிக்கணுமா?"

நின்சீமா எழுந்து போனாள்.