என் படத்துக்குப் போட்ட மாலை

இது நடந்தது இரண்டாயிரங்களின் நடுவில், செங்கல்பட்டில். செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த நேரம். எங்கு பார்த்தாலும் ஃப்ளெக்ஸ் பேனர் கட்ட ஆரம்பித்ததும் அப்போதுதான். சதுரங்கப்பட்டினத்திலிருந்து பஸ் பிடித்துச் சாயங்காலம் செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் இறங்கினேன். இரங்கல் கூட்டத்துக்குப் போகிறோம், வெறுங்கையோடு போவானேன் என்று பூக்காரம்மாவிடம் ஒரு மாலை கேட்டேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கட்டிக்கொண்டிருந்த பூ கையிலேயே நின்றுவிட்டது.

"இன்னாம்மா, உனக்கு நீயே மாலை வாங்கிக்கிறியா?" என்றார்.

அவர் கை காட்டிய பக்கம் திரும்பினேன். கம்பத்தில் ஒரு பேனர். மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. அதற்குக் கீழே, பட்டுப்புடவையும் பொன்னாடையுமாக, சிரித்த முகத்தோடு நான்!

கிட்டப் போய்ப் படித்தேன். பெயர் என்னுடையது இல்லை. முந்தின வாரம் இறந்துபோன வானொலி அறிவிப்பாளரின் பெயர். யாருக்கு அஞ்சலி செலுத்த நான் வந்தேனோ, அவர் பெயருக்கு என் முகம்.

"வூட்டுக்குப் போனதும் உப்பு மொளகா சுத்திப் போட்டுக்கோ. உசுரோட கீற பொம்பளைக்கு இன்னா வேலை பண்ணிகீறானுங்க பாரு" என்று பூக்காரம்மா காசைக்கூட மறந்துவிட்டுத் திட்டினார். எனக்கு திருஷ்டி பயமெல்லாம் இல்லை. காது மடல் வரைக்கும் கோபம்தான் ஏறியது.

அவர் யார் என்று சொன்னால்தான் என் கோபம் புரியும். தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் நான் தையல் மெஷின் போட்டிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மெஷின் பலகையில் ரேடியோவை வைத்துவிடுவேன். அந்த நேரத்தில்தான் அவர் வருவார். நேயர்கள் அனுப்பிய அஞ்சலட்டைகளைப் படித்து, கேட்ட பாட்டைப் போடுவார். வேறு சிலரும் அந்த வேலையைச் செய்தார்கள். முதலில் நாலு பெயரைப் படிப்பார்கள், பிறகு 'மற்றும் பலர்' என்று முழுங்கிவிடுவார்கள். எழுதிப் போட்டுவிட்டு வாரக் கணக்கில் காத்திருந்தவர்கள் எல்லாரும் அந்த 'பலரி'ல் காணாமல் போவார்கள். இந்த அம்மா ஒரு நாளும் 'மற்றும் பலர்' சொன்னதில்லை. பாட்டின் ஒரு சரணமே போனாலும் போகட்டும் என்று கடைசிப் பெயர் வரைக்கும், ஊரோடு சேர்த்து, நிறுத்திப் படிப்பார். எங்கள் தெருவில் வலை பின்னிக்கொண்டிருப்பவர்கள்கூட அவர் பெயர் படிக்கும்போது பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அப்படிப்பட்டவரையும் நான் ஒருமுறை விளாசினேன். எங்கள் ஊரை 'மாமல்லபுரத்துக்கு அருகில் உள்ள ஒரு சிறிய குப்பம்' என்று சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டச்சுக்காரன் கோட்டை கட்டிக் கப்பல் விட்ட ஊரம்மா இது, உங்களுக்கு மாமல்லபுரத்தை விட்டால் வேறு அடையாளமே கிடைக்காதா என்று ஒரு கார்டு முழுக்கத் திட்டி எழுதிப் போட்டேன். அடுத்த வாரம் அந்தக் கார்டை ஒரு வரி விடாமல் வானொலியிலேயே படித்தார். "இந்தச் சகோதரி சொல்வது நியாயம், தவறு என்னுடையது" என்றார். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யார் எழுதினாலும் 'கோட்டை உள்ள சதுரங்கப்பட்டினம்' என்றுதான் சொல்வார். "ரேடியோவையே மிரட்டிப்புட்டியேடி" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அந்த வருஷமே எங்கள் வட்டார நேயர் மன்றம் மாமல்லபுரத்தில் ஒரு சந்திப்பு நடத்தியது. அவரை அழைத்திருந்தார்கள். நூல் புடவையும் தோள்பையுமாக பஸ்ஸில் வந்து இறங்கினார். பலருக்கு ஏமாற்றம். அந்தக் குரலுக்கு அவரவர் மனதில் ஒரு முகம் வரைந்து வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. வழக்கம்போலப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மைக்கில், "என்னைத் திட்டி எழுதின சகோதரி வந்திருக்காங்களா?" என்று கேட்டார். நான் கூச்சத்தோடு எழுந்தேன். கிட்டே கூப்பிட்டு, தன் பொன்னாடையை எடுத்து என் தோளில் போர்த்திவிட்டார். எல்லாரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டபோதும் என்னைத்தான் நடுவில் நிறுத்தி, பூங்கொத்தையும் என் கையில் கொடுத்தார். தான் போய் ஓரத்தில் நின்றுகொண்டார். படம் விழும் நேரம் பார்த்துப் பக்கத்து ஆள் ஏதோ கேட்க, இவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். அந்தப் படத்தில் அவர் முகம் பாதிதான் தெரியும்.

இப்போது புரிகிறதா? மன்றச் செயலாளர் மருந்துக் கடை வைத்திருந்தவர். கூட்டம் நடத்துகிறவர் அவரிடம் போட்டோ கேட்டிருக்கிறார். இவர் அந்தக் குரூப் போட்டோவை எடுத்து நீட்டியிருக்கிறார். ஃப்ளெக்ஸ் கடையில், பொன்னாடையோடு நடுவில் நிற்பவர்தானே விருந்தினர் என்று என்னைக் கத்தரித்து எடுத்துவிட்டார்கள். தனக்கு வந்த மரியாதையை அவர் எனக்குத் தூக்கிக் கொடுத்தார். அந்த மரியாதையே அவர் முகத்தைத் தின்றுவிட்டது.

காசைக் கொடுத்து மாலையை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று மண்டபத்துக்கு நடந்தேன். மேடையில் அதே படம், ஆள் உயரத்துக்கு. முன்னால் குத்துவிளக்கு. அந்தப் படத்துக்குப் பக்கத்தில் கூட்டம் நடத்துகிற கட்சிப் பிரமுகரின் படம், கும்பிட்ட கையோடு. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அஞ்சலி படத்தைவிட அவர் படம்தான் பெரியது. செத்தது யார் என்று வெளியூர்க்காரன் குழம்பிப் போவான்.

செயலாளர் என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போய், "அக்கா, நான் ஓரத்துல இருக்கறவங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன்" என்று இழுத்தார். அவரை விட்டுவிட்டு நேராகப் பிரமுகரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"அட, ஆமாம்மா. இன்னா பண்றது, ஊரெல்லாம் கட்டியாச்சே."

"ஊரை விடுங்க. மேடையில இருக்கறதை மட்டுமாச்சும் கழட்டுங்க. அவங்களுக்குப் பொண்ணு ஒண்ணு இருக்குன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க. அது வந்து பார்த்தா என்ன ஆகும்?"

"சும்மா பேஜாரு பண்ணாதம்மா. தலைவர் வந்துகினே கீறாரு. காலியா வெச்சா நல்லாவா இருக்கும்? ரேடியோல பேசறவங்க மொகத்தை எவன் பாத்தான்? யாருக்குத் தெரியப்போவுது?"

இந்த ஒரு வாக்கியத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது! எனக்குத் தெரியுமே, ஐயா. பெற்ற பெண்ணுக்குத் தெரியுமே. அந்தப் பெண் உள்ளே வருவதற்குள் இதை எப்படியாவது இறக்கிவிட வேண்டும் என்று மைக் செட்டுக்காரர், பந்தல்காரர் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். "நாங்க தொடக்கூடாதுக்கா, அவரு சொல்லணும்" என்றார்கள். அதற்குள் வெளியே வெடி வெடித்தது. இரங்கல் கூட்டத்துக்கு வெடி! தலைவர் வந்துவிட்டார்.

வந்தவர் நேராக என் படத்துக்கு மாலை போட்டார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையாக ஆட்கள் வந்து பூப்போட்டு என்னைக் கும்பிட்டார்கள். பிறகு பேச ஆரம்பித்தார்கள். அவர் செய்தி வாசித்த அழகே அழகு என்றார் ஒருவர். அந்த அம்மா ஆயுளுக்கும் செய்தி வாசித்ததில்லை. அவர் முகத்தில் எந்நேரமும் தவழும் அந்தப் புன்னகையை மறக்க முடியுமா என்று இன்னொருவர் என் படத்தைக் காட்டித் தழுதழுத்தார். அச்சரப்பாக்கம், மதுராந்தகம் பக்கத்திலிருந்தெல்லாம் வந்திருந்த உண்மையான நேயர்கள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரைக்கூட மேடைக்குக் கூப்பிடவில்லை.

எரிச்சல் தாங்காமல் பின்பக்கம் திரும்பினேன். கடைசி வரிசையில் கல்லூரிக்குப் போகிற வயதில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே நெற்றி, அதே லேசாகத் தூக்கிய பல். மாமல்லபுரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கிய முகம் அப்படியே. மேடையில் இருக்க வேண்டிய முகம் கடைசி வரிசையில் இருந்தது, 'வாம்மா' என்று கேட்க ஒரு நாதி இல்லாமல். அவளும் படத்தைப் பார்ப்பதும், என்னைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. எழுந்து போய் அவள் கையைப் பிடித்தேன். "அம்மா பொண்ணுதானே? வா" என்றேன். கூடவே வந்தாள். மேடை ஏறினோம். என் படத்து மாலையைக் கழற்றிக் கீழே வைத்தேன். பேசிக்கொண்டிருந்தவர் வாயைத் திறந்தபடி நிற்க, மைக்கைப் பிடித்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தப் படத்துல இருக்கறது நான். கல்லு மாதிரி உசுரோட கீறேன். அவங்க முகத்தைப் பார்க்கணும்னு வந்தவங்க இந்தப் பொண்ணைப் பாருங்க. அவங்க முகம் இதுதான்."

முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு எல்லாத் தலையும் அந்தப் பெண் பக்கம் திரும்பியது. பிரமுகர் மைக்கை நிறுத்தச் சொல்லிக் கையைக் கையை ஆட்டினார். மைக் செட்டுக்காரர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பெண்ணைப் பார்த்து, "ஏதாவது பேசறியாம்மா?" என்று கேட்டேன். பேச மாட்டாள் என்றுதான் நினைத்தேன். பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லார் காதிலும் விழுந்தது.

"ரெண்டு மூணு நாளா ஸ்டேஷன்ல இந்த பேனரைப் பாத்துட்டுத்தான் போறேன். அம்மா பேருல வேற யாரோன்னு நினைச்சேன். அப்புறம் ஆட்டோல மைக் கட்டிச் சொன்னாங்க. அம்மா போட்டோ வேணும்னா வீட்டுல வந்து கேட்டிருக்கலாமே. இந்த மண்டபத்துக்குப் பின்னாடி தெருதான் எங்க வீடு."

பின்னாடி தெரு. எங்களுக்கெல்லாம் அவர் மெட்ராஸ்காரர். வானொலி நிலையம் அங்கே இருந்ததால் அவரும் அங்கேதான் இருப்பார் என்று நாங்களாக முடிவு கட்டிவிட்டோம். அவர் இத்தனை வருஷமும் இதே ஊரிலிருந்து தினமும் மின்சார ரயிலில் போய் வந்திருக்கிறார். இதே கடைத்தெருவில் கத்தரிக்காய் வாங்கியிருக்கிறார். பேனருக்கு இடம் தேடி ஊரையே சுற்றினவர்களில் ஒருவன்கூட, வீடு எங்கே என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. துக்கம் கேட்கப் போகாமலே துக்கக் கூட்டம் போட்டிருக்கிறார்கள்.

பிரமுகர் என்ன செய்தார் தெரியுமா? மைக்கைப் பிடுங்கி, உடனே இரண்டு நிமிட மௌனம் அறிவித்துவிட்டார். பதில் சொல்ல முடியாதவர்களுக்கு அது நல்ல வசதி. எல்லாரும் தலையைக் குனிந்து நின்ற நேரத்தில் நான் அந்தப் பெண்ணோடு வெளியே வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் செயலாளரும், பின்வரிசை நேயர்கள் சிலரும் கூடவே வந்துகொண்டிருந்தார்கள்.

சின்ன வீடு. கூடத்துச் சுவரில் அவர் படம், நூல் புடவையில், நேராகப் பார்த்தபடி. முழு முகம். அதற்கு முன்னால் ஓர் அகல். கூடத்திலும் வெளியே நடையிலும் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. எல்லாம் காலி. ஏதோ விசேஷத்துக்கு எடுத்ததோ என்று நினைத்து, "இதெல்லாம் எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டேன்.

உள்ளிருந்து வந்த அவள் சித்திதான் சொன்னார். "வாடகை நாற்காலிம்மா. அக்காவுக்கு ஊருக்கு ஊரு ஆளுங்க கீறாங்க, எல்லாரும் வருவாங்கன்னு எடுத்துப் போட்டோம். ரேடியோல வேலை செய்யறவங்க ரெண்டு பேரு வந்துட்டுப் போனாங்க. காரியம் வரைக்கும் இருக்கட்டும்னு பொண்ணு திருப்பிக் குடுக்க விட மாட்டேங்குது."

நாங்கள் உட்கார்ந்தோம். நாற்காலிகளில் கால்வாசிகூட நிறையவில்லை. பூக்காரம்மாவிடம் வாங்கிய மாலையை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அவளே படத்துக்குப் போட்டாள். பின்பக்க மண்டபத்திலிருந்து ஒலிபெருக்கியில் பேச்சு மறுபடியும் ஆரம்பித்துவிட்டிருந்தது. அவர் புகழ் வாழ்க என்று யாரோ கத்துவது இந்தக் கூடம் வரைக்கும் தெளிவாகக் கேட்டது. சித்தி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. எங்கேயாவது கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கண்ணீர் வருவதில்லை, கோபம்தான் வருகிறது. இதைக் கட்டினவன் அந்த வீட்டுப் படியை ஒரு தடவையாவது மிதித்தானா என்றுதான் மனசு கேட்கிறது. அன்றிலிருந்து எந்தச் சாவென்றாலும் நான் கூட்டத்துக்குப் போவதில்லை, வீடு எங்கே என்று விசாரித்துக்கொண்டு போகிறேன். பேச ஒன்றும் தோன்றாவிட்டாலும், அவர்கள் போட்டு வைத்திருக்கும் நாற்காலிகளில் ஒன்றில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.