பிசினில் பேய் ஏறிய கதை

இந்தப் பாண்டிச்சேரியில் பாதி வீட்டுக்கு போர் போட்டுத் தண்ணி காட்டினவன் நான். படிப்பு நாலாங்கிளாஸ். ஆனால் வெறுங்காலோடு ஒரு மனையை ரெண்டு சுத்து சுத்தினால் எத்தனை அடியில் தண்ணி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். தப்பினது மூணே இடம். அதுவும் வீட்டுக்காரர்கள் அவசரப்பட்டதால்.

ரெண்டாயிரம் பிறந்து அஞ்சாறு வருசம் ஆகியிருக்கும். பிரான்சில் இருக்கும் என் மகள் போனில் சொன்னாள்: "அப்பா, லீவுக்கு வர்றோம். புள்ளைக்காக ஒரு பிசின் அனுப்பறேன், நம்ம பக்கத்து மனையில வெச்சிடுங்க."

பேத்திக்கு ஆறு வயசு. பள்ளிக்கூடத்துக் காகிதம் ஒட்டுவாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். "பிசின் எதுக்கும்மா அனுப்பற? நெல்லித்தோப்புல டப்பா டப்பாவா கிடைக்குது."

அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். பிரெஞ்சில் நீச்சல் குளத்துக்குப் பேரே பிசினாம். தரையைத் தோண்ட வேண்டியதில்லை, மேலேயே நிற்குமாம்.

அதோடு அவள் நிறுத்தவில்லை. போன தடவை வந்தபோது பிள்ளைக்கு வாந்தி. என் வீட்டுத் தண்ணிதான் காரணம் என்று மாப்பிள்ளை முடிவு கட்டிவிட்டார். இந்தத் தடவை பீச் பக்கம் ஓட்டலில் ரூம் போட்டாயிற்று. "பிசின் தண்ணி சுத்தமா இருந்தா அவர்கிட்ட பேசி நம்ம வீட்டுலயே தங்க வெச்சிடறேன்பா. இல்லன்னா ஒரு மணி நேரம் வந்து பாத்துட்டுப் போயிடுவோம்."

ஊருக்கே தண்ணி கொடுத்தவன் பேத்தி ஓட்டலில் குளிப்பதா? பார்த்துவிடலாம் என்றேன்.

பார்சல் வந்தது. நீலத்தில் ஒரு பெரிய ஷீட்டு, இரும்புக் குழாய்கள், டிபன் பாக்ஸ் அளவில் ஒரு மோட்டார். கருவடிக்குப்பத்தில் என் வீட்டை ஒட்டின மனையில் ஒரே நாளில் நானே நிறுத்தினேன். இடுப்பு உயரம். என் சொந்த போரில் நிரப்பினேன். அடியில் ஊசி கிடந்தால் எடுக்கலாம், அப்படி ஒரு தெளிவு.

கூட வந்த புத்தகம் முழுக்க பிரெஞ்சு. எதிர்வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவது. அவரிடம் காட்டினேன்.

"குளோர் போடணும்னு எழுதியிருக்கு, மேஸ்திரி."

"எவ்வளவு?"

"இரும், கண்ணாடிய எடுத்தாரேன்."

அவர் கண்ணாடியோடு வருவதற்குள் நான் வேலையை முடித்துவிட்டேன். மாடித் தொட்டிக்கு ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடர் போடுவோம். இது பத்துத் தொட்டித் தண்ணி. பேத்தி விஷயம் என்பதால் ரெண்டு படியாகவே கொட்டினேன்.

காலையில் போய்ப் பார்க்கிறேன், பிசின் நிறைய டீ. எங்கள் பக்கத்து நிலத்தடித் தண்ணியில் இரும்பு உண்டு. குளோர் பட்டால் அது துருப்பிடித்துச் சிவந்துவிடும். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான், அந்த நேரத்துக்கு ஞாபகம் வரவில்லை.

என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ஏலக்காய் போடலையா?"

பார்சலோடு வந்த ஒரு சின்ன டப்பாவிலிருந்து சொல்தா ஒரு காகிதத் துண்டை எடுத்துத் தண்ணியில் நனைத்து, மாறின கலரை டப்பா மேல் இருந்த கலரோடு ஒப்பிட்டார். முகம் மாறியது. "பெ-ஆஷ் ஏறியிருக்கு, மேஸ்திரி. ரொம்ப ஏறியிருக்கு."

"பேய் ஏறியிருக்கா!" என்று இவள் நெஞ்சில் கை வைத்தாள். "தெரியும் எனக்கு. ராத்திரியில தண்ணியத் திறந்து போடாதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்."

"பேய் இல்ல, தங்கச்சி. பெ-ஆஷ், இங்கிலீஷ்ல பி.எச். அது ஏழு இருக்கணும். இங்க ஒன்பது இருக்கு."

"ஏழு எதுக்குண்ணே இருக்கணும்? ஒண்ணுகூட இருக்கக் கூடாது!"

சொல்தா விளக்கி முடிப்பதற்குள் இவள் ஆளை அனுப்பிவிட்டாள். பெரிய மார்க்கெட்டிலிருந்து ஒரு மூட்டை எலுமிச்சம்பழம் வந்து இறங்கியது. எண்ணி இருநூறு. ஒரு ஆளுக்கு ஒரு பழம் போதும், இவ்வளவு பெரிய தண்ணிக்கு இருநூறாவது வேண்டாமா என்பது அவள் கணக்கு. குங்குமம் தடவ வந்தவளை நான்தான் தடுத்தேன், இருக்கிற சிவப்பே போதும் என்று. பிசினை மூணு சுத்து சுத்திக்கொண்டே பிழிந்தாள். கை ஓய்ந்ததும் மிச்சத்தை நான் பிழிந்தேன். மூட்டை பாதிக்கு மேல் என் பங்கு.

மறுநாள் மத்தியானம் அடித்தரை தெரிந்தது! சொல்தா நனைத்துப் பார்த்தார். ஏழுக்குக் கொஞ்சம் மேலே.

"இறங்கிடுச்சு" என்றார்.

"இறங்கிடுச்சு" என்று இவளும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அன்று சாயங்காலமே வந்துவிட்டார்கள். பெட்டிகள் ஓட்டல் காரிலேயே இருந்தன, டிரைவர் இன்ஜினை நிறுத்தவில்லை. பேத்தி நீச்சல் உடுப்போடு இறங்கி ஓடி, ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டாள். மாப்பிள்ளை அவளைப் பிடித்து நிறுத்தினார். அவர் அங்கே மருந்துக்கடையில் வேலை செய்கிறவர், எதையும் அளக்காமல் விடமாட்டார். ஒரு காகிதத் துண்டை நனைத்தார். வெகு நேரம் பார்த்தார்.

"மாமா, குளோர் ஸெரோ. குளிக்கக் கூடாது."

"ரெண்டு படி கொட்டினேனே!"

மகள் முகம் தொங்கிப்போனது. டிரைவர் ஹாரன் அடித்தார். சரி, என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"வேற என்ன போட்டீங்க?"

ஒளிக்க என்ன இருக்கிறது? தலையை நிமிர்த்தியே சொன்னேன். "எலுமிச்சம்பழம்."

"சித்ரோன்?" அவர் என்னைப் பார்த்தார், தண்ணியைப் பார்த்தார். "குளோரைத் தின்னது அதானா! எத்தனை?"

"இருநூறு."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதினார். "அரிஞ்சதா, பிழிஞ்சதா?"

"பிழிஞ்சது" என்று இவள் பின்னாலிருந்து சொன்னாள். "மூணு சுத்து, மாப்ளே."

"மூணு சுத்து." அதையும் எழுதினார். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பிசின் ஓரமாகக் குந்தினார். மிதந்த கொட்டைகளைப் பொறுக்கி எடுத்து எண்ண ஆரம்பித்தார். ஹாரன் மறுபடி அடித்தது. திரும்பாமலே மகளிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அவள் காருக்குப் போய் டிக்கியைத் திறக்கச் சொன்னாள்.

"என்னம்மா சொன்னாரு?"

"தினம் காலையிலயும் சாயங்காலமும் அளக்கணுமாம்பா. லீவு முடியறவரைக்கும்."

பெட்டி நாலு. டிரைவரைத் தொடவிடாமல் நாலையும் நானே தூக்கிவந்து உள்ளே வைத்தேன்.