சந்தனம் பாஸ் விரித்த சாக்கு

சந்தனம் பாஸ் போய்விட்டார் என்ற செய்தி எங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, நான் நோர்வூட்டில் என் கராஜில் ஒரு ஆட்டோவுக்குப் பெயின்ட் கலந்துகொண்டிருந்தேன். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு வேலைக்கு எழுந்தவர், அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். எல்லாரும் கைகூப்பும் படங்களை வரிசையாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். இந்த மனுஷனுக்குப் போவதற்கு வேறு வாரமே கிடைக்கவில்லையா? அவர் கராஜில் அடிபட்டு நிற்கும் ரவியின் பள்ளிக்கூட வான் வண்டியைப் பார்க்கக் காப்புறுதி நிறுவனத்திலிருந்து மதிப்பீட்டாளர் வருவதாக இருந்தது இந்த வாரம்தான்.

அடிபட்ட வாகனங்களைத் தகரம் தட்டிப் பெயின்ட் அடித்துக் கொடுப்பது எங்கள் தொழில். ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை வரை உள்ள சின்னச் சின்னக் கராஜ்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்கு அவர் தலைவர், நான் செயலாளர். செயலாளர் என்றால், தலைவர் சண்டை போட்ட இடங்களுக்கெல்லாம் பின்னால் போய் மன்னிப்புக் கேட்பவன் என்று அர்த்தம். அவரைத் தெரிந்த உங்களுக்கு இது புதிதில்லை. உங்களில் பாதிப் பேரிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

பனிமூட்டமும் மழையும் வளைவுமாக இருக்கிற இந்த ரோட்டில் எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. ஒழுங்காகச் செய்ய விடுவதுதான் இல்லை. போனில் போன படத்தைக் காப்புறுதிக்காரர்கள் கொழும்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “மாற்றத் தேவையில்லை, தட்டிச் சரிசெய்யவும்” என்று எழுதிவிடுவார்கள். தட்டிக் கொடுத்த வாகனம் நாளைக்கு எந்த வளைவில் என்ன ஆகும் என்பது அவர்கள் பாடு இல்லை. எதிர்த்துப் பேசினால் அவர்கள் அங்கீகரித்த கராஜ்களில் நம் பெயர் இருக்காது. வாகனக்காரர் கண்டிக் கராஜ்களுக்குப் போய்விடுவார். ஆகவே நாங்கள் வாயை மூடிக்கொண்டு தட்டினோம். சந்தனம் பாஸ் மட்டும் தட்ட மாட்டேன் என்றார்.

நிறுவனங்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இறம்பொடைப் பக்கம் மதகில் மோதிய ஒரு லொறி, எங்கள் உறுப்பினர் செல்வத்தின் கராஜில் நின்றது. சந்தனம் பாஸ் போனில் கத்தோ கத்தென்று கத்தி, மதிப்பீட்டாளரை நேரிலேயே வரவைத்தார். பெரிய ஆள் வருகிறாரே என்று செல்வம் என்ன செய்தார் தெரியுமா? லொறியைப் பளபளவென்று கழுவினார். நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்தினார். சிதறிய கண்ணாடியைக் கூட்டி அள்ளினார். வாசலில் நாற்காலி போட்டு, பிஸ்கட்டும் வைத்தார். வந்தவர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, பெரிதாக அடி ஒன்றும் இல்லையே என்று எழுதிக்கொண்டு, பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று சந்தனம் பாஸ் போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்டது. “தோட்டத்துத் துரை வர்றாருன்னா லயத்து வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிச்சு, சாக்கடைக் கானெல்லாம் கழுவிவிட்டு, ஒழுகுற எடத்துல வச்ச சட்டிய எடுத்து ஒளிச்சு வச்சோம். அவரு பாத்துட்டு, கூர நல்லாத்தான இருக்குன்னு போயிட்டாரு. தோட்டத்த விட்டு வந்து இவ்வளவு காலமாகியும் அந்தப் புத்தி போகலியே! அடிபட்டத அடிபட்ட மாதிரியே காட்டுங்கய்யா!” செல்வத்துக்கு முகம் செத்துவிட்டது. அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. சமாதானம் பேசப் போனது யார் என்று சொல்லத் தேவையில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தச் சாக்கு வந்தது. தேயிலைக் கொழுந்து கட்டும் பழைய சாக்கு ஒன்றைப் பாஸ் எடுத்து, அடிபட்ட வாகனத்தின் பக்கத்தில் தரையில் விரித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரே பேச்சுத்தான். “நின்னு பாத்தா பெயின்ட்டுதாங்க தெரியும். படுத்துப் பாருங்க.” சிலர் படுத்தார்கள். பலர் முறைத்துக்கொண்டு போனார்கள்.

ஹட்டனில் நிறுவனத்து அதிகாரிகளுடன் நடந்த பேச்சுவார்த்தையை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்காக நான் எத்தனை பேரிடம் பல்லைக் காட்டியிருப்பேன்! சாந்தமாகப் பேசுங்கள் என்று அவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். தலையாட்டினார். பிறகு, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் முறிந்த துண்டு ஒன்றை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்து, மண்டபத்து வெள்ளை மேசைவிரிப்பின்மேல் வைத்தார். “இதத் தட்டி நிமித்தச் சொன்னது நீங்கதான். நிமித்துன எடத்துலயே முறிஞ்சிருக்கு. இந்த வண்டியில ஒங்க புள்ளய ஏத்தி அனுப்புவீங்களா?” கூட்டம் அத்தோடு கலைந்தது. கறைபட்ட விரிப்புக்கு மண்டபக்காரரிடம் ஏச்சு வாங்கியது நான். ஆனால், பள்ளிக்கூட வாகனங்களையாவது நேரில் வந்து பார்க்கிறோம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டது அதற்குப் பிறகுதான். என்னுடைய பணிவான கடிதங்களுக்கெல்லாம் ஒரு பதிலும் வரவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான்.

இனி ரவியின் வானுக்கு வருகிறேன். தோட்டத்துப் பிள்ளைகளை ஹட்டன் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றிச் செல்லும் வான் அது. பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வரும்போது மூட்டத்தில் மதிலில் மோதியது. படத்தைப் பார்த்தவர்கள் வழக்கம்போல் தட்டச் சொன்னார்கள். அடியில் சேசிஸ் வளைந்திருந்தது. நேரில் வந்து பார்க்கும்வரை கை வைக்க மாட்டேன் என்று பாஸ் உட்கார்ந்துவிட்டார். வண்டி ஓடினால்தான் ரவி வீட்டில் அடுப்பு எரியும். “தட்டிக் குடுத்துருங்க பாஸ், மெதுவா ஓட்டிக்கிறேன்” என்று கெஞ்சினான். “மெதுவா ஓட்டுனா மெதுவா சாவாங்களா?” என்றார் அவர். பெற்றோர்களும் அவரைத்தான் ஏசினார்கள். ரவி தினமும் எனக்குப் போன் எடுத்து அழுதான்.

சாவு வீட்டுக்குப் போனேன். வீட்டை ஒட்டித்தான் அவருடைய கராஜ். வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். சனம் வருகிறதே என்று நம்மவர்கள் கராஜைக் கூட்டிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வானின் முன்பக்கத்துக்குக் குழாயைத் திருப்பிக்கொண்டிருந்தான். யாரென்று பார்த்தால் ரவியேதான்!

“தண்ணிய மூடுறா!” என்று கத்தினேன். “ஒன் வண்டிக்காகத்தானடா அந்த மனுஷன் ஊரெல்லாம் ஏச்சு வாங்குனாரு! சேறு, கீறல் எல்லாம் அப்படியே இருக்கணும். எவனும் தொடக்கூடாது!”

ரவி குழாயோடு விழித்தான். “பாஸோட கடேசி நாளு… எடம் சுத்தமா இருக்கட்டும்னுதாண்ணே…”

ஒப்பாரி நின்றுவிட்டது. அவருடைய மனைவி பார்வதி அக்கா உள்ளேயிருந்து என்னைப் பார்த்தார். “அவரு சத்தம் ஓஞ்சிருச்சேன்னு அழுதுகிட்டு இருக்கேன். இப்ப நீங்க ஆரம்பிச்சிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு மறுபடி அழுதார். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது.

அடக்கம் முடிந்த பிறகு மதிப்பீட்டாளர் வந்தார். சிங்களப் பையன், நல்ல வெளுத்த காற்சட்டை. பாஸ் எங்கே என்று கேட்டார். சொன்னேன். வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு போனை எடுத்து, நின்றபடியே படம் பிடிக்கத் தொடங்கினார். ரவி என் முகத்தைப் பார்த்தான். நான் கெஞ்சியே பழகியவன். எனக்கு இந்த வேலை வராது. ஆனாலும் சுவரோரம் மடித்து வைத்திருந்த சாக்கை எடுத்து, வானின் பக்கத்தில் விரித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“நின்னு பாத்தா பெயின்ட்டுதாங்க தெரியும்” என்றேன். மீதிக்குச் சாக்கைப் பார்த்துத் தலையசைத்தேன்.

அவர் சாக்கைப் பார்த்தார். தன் காற்சட்டையைப் பார்த்தார். பிறகு படுத்து வானுக்கு அடியில் நகர்ந்தார். வெகுநேரம் காலில் போட்ட சப்பாத்து மட்டும்தான் வெளியே தெரிந்தது. டோர்ச் கேட்டார், ரவி கொடுத்தான். எழுந்து வந்தவர் முதுகைக்கூடத் தட்டாமல், மாற்றத்தான் வேண்டும் என்று எழுதினார்.

புறப்படும்போது பார்வதி அக்கா, அவர் நினைவாக ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல சுத்தியல்கள் இருந்தன. நான் சாக்கை எடுத்தேன். எண்ணெய்க் கறையும் மண்ணுமாக இருந்ததைப் பார்த்து, “குடுங்க, அலசித் தர்றேன்” என்று கையை நீட்டினார்.

வேண்டாம் அக்கா என்றேன்.