அம்மா அடைத்த தோட்டா

இன்று காலை வோஷிங் மெஷினுக்குள் ஒரு நாணயம் உருண்டு கிலுகிலுத்தது. உடனே, புலம்பெயர்ந்து வந்து நாங்கள் குடியிருந்த தோர்ண்டன் ஹீத் வீட்டின் பின்னறை நினைவுக்கு வந்தது. அங்கேதான் அம்மா, சுட்டு வெறுமையான பித்தளைத் தோட்டாக் கோதுகளை ஒரு சிறிய இயந்திரத்தில் உருட்டி மினுக்குவார்.

அம்மா ஒரு ரைபிள் கிளப்பில் இலக்குச் சுடுபவர். கடைத் தோட்டா கட்டுப்படியாகாததால், உரிமம் பெற்ற அவரே கோதுகளை வீட்டில் திரும்ப நிரப்பினார். வெடிமருந்தை நிறுக்கும்போது வீட்டில் ஒருவரும் பேசக்கூடாது. அவருடைய கார்டிகனில் எப்போதும் பித்தளையும் எண்ணெயும் மணக்கும்.

அப்பாவுக்கு இந்தத் துப்பாக்கி விளையாட்டுப் பிடிக்கவேயில்லை.

"துவக்குக்குப் பயந்துதானே யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி வந்தனாங்கள்?"

"ஓம். அங்கை அது எங்களைக் குறிபாத்தது. இங்கை நான் கடதாசியைக் குறிபாக்கிறன்," என்றார் அம்மா.

கிளப்பின் இறுதிப் போட்டிக்கு அப்பா முதன்முறையாக வந்தார். காதுகளை இறுக்கிப் பொத்தியபடி, கடைசிவரை கண்ணைத் திறக்கவேயில்லை. அம்மாவின் இலக்குக் கடதாசியில் நடுவட்டம் கிழிந்து ஒரே ஓட்டையாகியிருந்தது. கோப்பை அவருக்குத்தான்.

திரும்பும் வழியில் அப்பா கோப்பையைத் தூக்கிக்கொண்டு தமிழ்க் கடைக்குள் நுழைந்து, கடைக்காரர் முன் கல்லா மேசையில் வைத்தார்.

"அண்ணை, என்ரை மனுசி வெண்டது. தோட்டாவும் அவதான் அடைச்சவ!"

அன்று அவர் அந்தக் கடையில் சாமான் ஒன்றும் வாங்கவில்லை.