அவர் கணக்கில் என் சாவி

போன வருடம் மழைக்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, திருவனந்தபுரத்தில் தம்பானூருக்குப் பக்கத்திலுள்ள எங்கள் அலுவலகத்தில் நடந்தது இது. பள்ளிகளுக்கான தமிழ்ப் பாடங்களைக் கணினியில் திருத்தித் தரும் வேலை எங்களுக்கு. நான் அங்கே பத்தொன்பது வருடமாகப் பிழை திருத்துகிறேன்.

என்னுடன் வேலை செய்யும் பெண் பாறசாலையிலிருந்து வருகிறார். என்னைவிட நான்கு வயது இளையவர். சேர்ந்து இரண்டு வருடம்தான். அந்த மாதம் எங்கள் கோப்புகளையெல்லாம், மென்பொருள்காரர்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் ஓர் இணையதளத்துக்கு மாற்றினார்கள். அவர் ஒரே மதியத்தில் பழகிக்கொண்டார். இறுதிப் பிரதியை ஏற்றும் உரிமையை மேலாளர் அவருக்கே கொடுத்துவிட்டார். நான் எதிர்பார்த்திருந்த உரிமை அது. அன்றிலிருந்து அவர் சிரிப்பதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தத் தளத்திலிருந்து கோப்பை எடுக்க, ஆளை அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச் சாவி வேண்டும். ஒரு சாவி நம் கணினியிலேயே ரகசியமாக இருக்கும். அதன் ஜோடியைத் தளத்தில் நம் கணக்கில் சேர்க்க வேண்டும்.

"நான் செஞ்சு தரட்டா, சேச்சி?" என்று கேட்டார். அக்காவை அங்கே சேச்சி என்பார்கள்.

வேண்டாம் என்றேன். குறிப்பைப் பார்த்து ஒவ்வொரு படியாக நானே செய்தேன். சாவிக்கு ஒரு பெயர் கேட்டது. என் முழுப்பெயர், தேதி, அறை எண், கணினி எண் எல்லாம் எழுதினேன். சோதித்துப் பார்த்தேன். திரையில் வரவேற்பு வந்தது. அவர் பெயருக்கு!

முந்தின நாள் என் கணினியில் ஏதோ காட்ட உட்கார்ந்தவர், தன் கணக்கிலிருந்து வெளியேற மறந்திருக்கிறார். நான் கவனிக்காமல் என் சாவியை அவர் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

உடனே நீக்கியிருக்க வேண்டும். நீக்கவில்லை. இனி நான் எதை ஏற்றினாலும் அவர் ஏற்றியதாகவே பதிவாகும் என்பதுதான் மனதில் ஓடியது. ஏழாம் வகுப்புப் பாடத்தில் ஒரு பத்தி காணாமல் போனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பத்தியைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். ஏற்றும் கட்டளையையும் தட்டினேன். என்டர் பொத்தானை அழுத்துவது மட்டும் பாக்கி.

"சேச்சி!"

அவர்தான், வாசலில்.

"என் அக்கவுண்ட்ல புதுசா ஒரு சாவி ஏறியிருக்குன்னு மெயில் வந்தது. நெஞ்சே நின்னு போச்சு, கேட்டோ! பின்னே பார்த்தா உங்க பேரு, ரூம் நம்பர் வரைக்கும் இருக்கு. எந்தக் கள்ளன் சேச்சி இப்படி அட்ரஸ் எழுதி வைப்பான்?"

விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"உங்க சாவின்னு தெரிஞ்சதும் பயம் போச்சு. மெல்ல மாத்திக்கலாம். வாங்க, ஒரு சாயா குடிச்சிட்டு வரலாம்."

திரையை அவர் பார்க்கவே இல்லை. குடை எடுக்கப் போன நேரத்தில் பத்தியைத் திரும்பக் கொண்டுவந்தேன். அவர் கணக்கிலிருந்து என் சாவியையும் நீக்கினேன். கடையில் அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

நடந்ததை அன்றே நாட்குறிப்பில் எழுதினேன். அவரிடம் இதுவரை சொல்லவில்லை. அவருடைய சாவி என் கணக்கில் ஏறியிருந்தால், நான் நேராக மேலாளர் அறைக்குத்தான் போயிருப்பேன். ஏற்றும் உரிமை ஆறு மாதம் கழித்து எனக்கும் கிடைத்தது. ஆனாலும் பொறாமை தீரவில்லை: என் பெயரைப் பார்த்ததும் பயம் போன அவருடைய அந்த மனம் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.